இரு கரைக்கும் இடையே அறுபதடி

"தண்ணி வந்துட்டா மேடம்?"

முதலில் கேட்டது டீ கொண்டுவந்து வைக்கிற அம்மாள்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனி பிறந்துவிட்டால் தஞ்சாவூரில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. மேட்டூர் திறந்தாச்சு, கல்லணை தாண்டியாச்சு, உங்க பக்கம் வந்துட்டா என்றுதான் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார், மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே கேட்பார்.

"இன்னும் இல்லக்கா. நாங்க கடைமடைதானே. ஒரு வாரம் ஆவும்" என்றாள் சுடர்விழி.

நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அவள் மூத்த வரைவாளர். எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் ஆலை வரலாம், எது வயலாகவே கிடக்க வேண்டும் என்று நிறம் தீட்டி வரைபடம் போடுகிற வேலை. முப்பத்தாறு வயது, கல்யாணம் இன்னும் கூடிவரவில்லை. அவள் பிறந்த நாணலடி காலனியிலிருந்து அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். அவளுக்கு முந்தின தலைமுறை முழுக்கப் பண்ணையில் சேற்றோடு கிடந்தது.

அன்றைக்குக் கூட்டம். மேற்கே வடகோட்டூர் நகராட்சி, கிழக்கே நாணலடி ஊராட்சி. இரண்டுக்கும் நடுவே இருநூறு ஏக்கரில் உணவுப் பதப்படுத்தும் பூங்கா வரப்போகிறது. அவல், பொரி, தவிட்டெண்ணெய், அரிசி மாவு எல்லாம் அங்கே ஆகும். நெல்லை மூட்டையாக விற்றே பழகிய ஊருக்கு அது நல்லதுதான் என்று சுடர்விழியும் நம்பினாள். ஆனால் தெருவிளக்கு யார் போடுவது, குப்பை யார் அள்ளுவது, குடிதண்ணீர் யார் கொடுப்பது என்று நகராட்சியும் ஒன்றியமும் மூன்று வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"நிச்சயம் பண்ணிட்டு மூணு வருஷமா சீர் பேசிக்கிட்டிருக்கிற சம்பந்திங்க மாதிரி ஆயிட்டோம் பி.டி.ஓ. மேடம்" என்றார் பஞ்சநாதன். நகராட்சியின் நகரமைப்பு ஆய்வாளர். ஓய்வுக்குப் பத்து மாதம் பாக்கி.

"சம்பந்தின்னா சாப்பாடாவது போடுவாங்க சார். நீங்க எங்க ஊருக்குக் குப்பை லாரிதான் அனுப்புறீங்க" என்றாள் அனுசுயா. ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். பேச்சில் யாருக்கும் சளைக்கமாட்டாள்.

இத்தனை சண்டையிலும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே சங்கதி சாலை. அறுபதடிச் சாலை இரண்டு எல்லையும் சேருகிற கோட்டின்மேலேயே போகும். பாதி உனக்கு, பாதி எனக்கு. யாருக்கும் தோல்வி இல்லை. அந்தக் கோடு சுடர்விழி போட்டது.

"அளந்து பாத்தா ஆச்சரியம் மேடம்! அந்தப் பக்கமும் யாரு வயலையும் தொடலை, இந்தப் பக்கமும் தொடலை. அறுபதடி அப்படியே சும்மா கெடக்குது. சாமி நமக்குன்னே ஒதுக்கிவச்ச எடம்" என்றார் பஞ்சநாதன். சொல்லிவிட்டு ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டார்.

சுடர்விழி வரைபடத்தின் அச்சுப்பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது காதருகே கேட்டது.

"தண்ணி வந்துட்டா, சுடரு?"

கையிலிருந்த தாள்கள் சரிந்தன. சுடரு என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு. அப்பாவுக்கு அவள் பாப்பா. சிநேகிதிகளுக்கு விழி. ஆபீஸுக்கு மேடம். சுடரு என்று கூப்பிட்டவள் செத்து நாலு வருஷம்.

"சார், இப்ப என்ன கேட்டீங்க?"

பஞ்சநாதன் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பாக வெற்றிலைச் சாறு ததும்பிக்கொண்டிருந்தது. பேசினால் சட்டையெல்லாம் நாசமாகிவிடும் என்று கையாலேயே சைகை செய்தார்.

*

மறுநாள் கூட்டுப் பார்வை. இரண்டு தரப்பும் இடத்தில் நின்று பார்த்து, நேரில் கண்டோம், ஆட்சேபம் இல்லை என்று எழுதினால், வெள்ளிக்கிழமை கையெழுத்து. ஜீப் போய் நின்றபோது உச்சிப்பொழுது. நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

சொந்த ஊர்தான். ஆனால் நொச்சி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சுடர்விழி வந்ததே இல்லை. வாய்க்கால் இங்கே இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகக் கூடுகிறது. மேலண்டைக் கிளை, கீழண்டைக் கிளை. நடுவே மேடாக ஒரு நீளத் திட்டு. கோடையானதால் இரண்டு கிளையும் வறண்டு வெடித்துக் கிடந்தன. திட்டின் தெற்கு முனையில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் சோற்றுக்கற்றாழை.

கற்றாழை தானாக முளைத்தால் புதராக முளைக்கும். இது வரிசை வரிசையாக நின்றது. ஆறடிக்கு ஒன்று.

வைக்கப்போன காலைச் சுடர்விழி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மொத விளக்குக் கம்பம் எங்க ஆளு நடுவான். ரெண்டாவது நீங்க" என்று பஞ்சநாதன் குடைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒத்தைப்படை பூரா உங்களுக்கா? எண்ணிப் பாருங்க சார், உங்களுக்கு ஒண்ணு கூடுதலா வரும்" என்று அனுசுயா விரலை மடக்கினாள்.

சுடர்விழி நடந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு கற்றாழை ஆரஞ்சு நிறத்தில் பூத்தண்டு விட்டிருந்தது. அதை ஒட்டினாற்போல அளவுக்கல் நட்டிருந்தார்கள். கல்லின் தலையில் சிவப்புச் சாயம். சாயத்தின்மேல் எண் பதினாலு. அவள் வரைபடத்தில், அவள் கோட்டில், அவள் கையால் போட்ட எண்.

"தண்ணி வந்துட்டா, சுடரு?"

இப்போது முதுகுப் பக்கமிருந்து வந்தது. தாழ்ந்த இடத்திலிருந்து, நடவில் குனிந்திருப்பவள் தலையைத் தூக்காமலே கேட்பது மாதிரி. அவள் திரும்பவில்லை. திரும்பினால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"என்னம்மா, மொகமெல்லாம் வெளுத்துட்டு? தண்ணி குடிக்கிறியா?" அனுசுயா பாட்டிலை நீட்டினாள்.

"மேடம், இது யாரு எடம்?"

"இதுவா? நகராட்சி எடம். எங்க ஊராட்சி கீழண்டைக் கரையிலதான் ஆரம்பிக்குது."

"அய்யய்யோ, நல்லா இருக்கே கதை! எங்க எல்லை மேலண்டைக் கரையோட முடிஞ்சுபோச்சு. இது உங்க எடம் மேடம்" என்றார் பஞ்சநாதன்.

"எங்க படத்துல இது இல்ல சார்."

"எங்க படத்துலயும் இல்லையே!"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சுடர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நகராட்சியின் படத்தையும் ஊராட்சியின் படத்தையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நடுவே வெள்ளையாக ஒரு பட்டை நின்றது. அறுபதடி அகலம். இரண்டு படம் ஒட்டுகிறபோது இப்படி இடுக்கு விழுவது வாடிக்கைதான். பழைய காலத்தில் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவன் எங்கேயோ தவறவிட்டிருப்பான் என்பார்கள். அதற்கு ஆபீஸில் ஒரு வழி உண்டு. மேலதிகாரிகளிலிருந்து புதிதாக வந்தவன் வரைக்கும் எல்லோரும் செய்வது. இழுத்து ஒட்டுவது. இந்த ஓரத்தைக் கொஞ்சம், அந்த ஓரத்தைக் கொஞ்சம் இழுத்தால் இரண்டும் ஒரே கோடாகிவிடும். அவளும் இழுத்தாள். வெள்ளை மூடிக்கொண்டது. எழுந்துபோய் டீ குடித்தாள்.

அந்த வெள்ளைக்கு ஊரில் திடல் என்று பேர். அந்தப் பேரை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை. காலனியில் சாவு விழுந்தால் பெண்கள் தெருமுனைக் குழாயடி வரைக்கும்தான் வருவார்கள். அதற்கப்பால் ஆண்கள்தான் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்து, மேலே கற்றாழை நட்டுவிட்டு வருவார்கள். அம்மா அம்சத்தைத் தூக்கிப்போனபோதும் அவள் குழாயடியில்தான் நின்றாள்.

"மேடம், ஆட்சேபம் இல்லைன்னு இன்னிக்கு எழுதாதீங்க" என்றாள் அனுசுயாவிடம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

*

செல்லதுரை நாற்றங்காலுக்குப் போகும் வாய்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மகள் ஜீப்பிலிருந்து இறங்கித் தனியாக வரப்பில் வருவதைப் பார்த்ததும் மண்வெட்டியை நிறுத்தினார்.

"என்ன பாப்பா, சொல்லாம கொள்ளாம?"

"ஏம்ப்பா, அம்மா எங்க இருக்கு?"

அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் வழித்துவிட்டார்.

"மூணாவது வரிசையா?"

"ஆமா. வடக்கேருந்து மூணு. கத்தாழ பூத்துருக்கும் இப்ப."

"கல்லு நட்டுருக்காங்கப்பா அதுமேல."

"நட்ட அன்னிக்கே பாத்தேன். மூணு மாசமாவுது."

"பாத்துட்டு சும்மா இருந்தியா?"

"நான் மட்டுமா பாத்தேன்? ஊரே பாத்துச்சு. நம்ம தெருப் பய பகலவன் வந்து குதிச்சான். மாமா, ஒங்க மவ போட்ட கோடு திடல்மேல வருது, மனு குடுப்போம்னான். வாய மூடுடான்னேன்." அவர் வரப்பில் உட்கார்ந்தார். "தெரியாமயா போட்டுருக்கும்? படிச்ச புள்ள. ஏதோ கணக்கு இருக்கும். நம்ம சனத்துல மொத மொத அந்த நாக்காலில ஒக்காந்தது அது. நாமளே போயி மனு குடுத்தா அதுக்கில்ல கெட்ட பேருன்னேன். எல்லாரும் சரின்னுட்டு கலைஞ்சு போயிட்டாங்க."

"தெரியாமதாம்ப்பா போட்டேன்."

"என்னது?"

"தெரியாது எனக்கு. அங்கதான் திடல்னு தெரியாது. வெள்ளையா இருந்துச்சு. மூடிட்டேன்."

செல்லதுரை மகளை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போல இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. மூன்று மாதமாக ஊர் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியது ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டவர் முகம் அது.

"அப்ப தெக்கால மண்ணு கொட்டுனதும் யாருக்கும் தெரியாமதானா?"

"ஆமாப்பா."

"அந்த மண்ணுக்கடியில பன்னண்டு பேரு இருக்காங்க."

நீர்க்காகம் ஒன்று வறண்ட வாய்க்காலில் இறங்கி ஏமாந்து எழுந்து போயிற்று.

"அப்பா, அது என்னக் கூப்புடுது."

"எது?"

"அம்மா. ரெண்டு நாளா. ஆபீஸ்ல, இஞ்ச, எல்லா எடத்துலயும்."

அவர் சிரிக்கவுமில்லை, நெற்றியைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. "என்ன கேக்குது?" என்றார்.

"தண்ணி வந்துட்டான்னு கேக்குது."

"கேக்கும்" என்றார் செல்லதுரை. "யாரும் சொல்லலியே."

நாணலடி காலனியில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலில் புதுத்தண்ணி வருகிற அன்றைக்கு, வீட்டுக்கு ஒரு பெண் திடலுக்குப் போய், தன் வீட்டு ஆட்களின் கற்றாழையடியில் நின்று, தண்ணி வந்துட்டு என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பெண்கள் அங்கே கால் வைப்பது வருஷத்தில் அந்த ஒரு பொழுதுதான். தண்ணி வந்தால் நடவு, நடவு வந்தால்தான் அடுப்பு என்று வாழ்ந்து, தண்ணிக்குக் காத்திருந்தே செத்தவர்கள் அவர்கள். நடவு பெண்கள் வேலை, அதனால் அந்தச் சேதியும் பெண் வாயாலேதான் போய்ச் சேர வேண்டும்.

"ஒங்கம்மா இருந்தவரைக்கும் அதுவே போயி சொல்லிச்சு. அதுக்கப்புறம் நம்ம வூட்டுல பொம்பளன்னா நீதான். நீ வேலைல இருப்பே. நாலு வருசமா நாந்தான் போறேன். கூட வர்ற பொம்பளைங்க முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிப்பாளுவ. ஆம்பளக் குரல் மண்ணுக்குள்ள எறங்காது மாமான்னு அந்த எழில்மொழி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லியேப்பா."

"லீவு போட்டு வான்னு சொல்லவா? ஆபீஸ்ல என்ன காரணம் எழுதுவே?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "பேரு சொல்லுப்பா. திடல்ல இருக்கவங்க பேரு. ஞாபகம் இருக்கற வரைக்கும்."

"எதுக்கு?"

"படத்துல எழுத."

*

வெள்ளிக்கிழமை. திரையில் வரைபடத்தைப் போட்டபோது துணை இயக்குநர் ராஜசேகர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இது என்ன நடுவுல வெள்ளைக் கோடு? போன கூட்டத்துல இல்லையே."

"இருந்துச்சு சார். நான் மூடிட்டேன். இப்ப தெறந்துருக்கேன்."

"அப்படின்னா?"

"ரெண்டு படமும் ஒட்டலை சார். ஊராட்சி எல்லை கீழண்டைக் கரை. நகராட்சி எல்லை மேலண்டைக் கரை. நடுவுல அறுபதடி யாருகிட்டயும் இல்ல. நான் இழுத்து ஒட்டினேன். அதுமேலதான் ரோடு போகுது."

"சரி, இப்ப யாராவது ஒருத்தர் எடுத்துக்கோங்க. பஞ்சநாதன்?"

"மன்றத் தீர்மானம் இல்லாம ஒரு அடி எடுக்க முடியாது சார்."

"பி.டி.ஓ.?"

"அது வாய்க்கால் சார். பொதுப்பணித்துறையைக் கேக்கணும்."

"யாருக்கும் வேண்டாம்னா ரோடு போறதுல என்ன கஷ்டம்? நடுவுல யாரும் இல்லையே."

"நாப்பத்தேழு பேரு இருக்காங்க சார்" என்றாள் சுடர்விழி.

"குடியிருப்பா? நேர்ல பாத்தீங்கள்ல, யாரும் சொல்லலியே?"

"பொதைச்சிருக்கு சார். நாணலடி காலனியோட இடுகாடு அது. பட்டியல் வச்சிருக்கேன். தெக்கால பன்னண்டு பேருமேல ஏற்கெனவே மண்ணு கொட்டியாச்சு. பதினாலாம் நம்பர் கல்லு எங்கம்மாமேல நிக்குது."

அனுசுயா மெதுவாகத் தன் முன்னாலிருந்த ஆட்சேபமில்லாக் கடிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்கு அங்க நின்னுக்கிட்டு விளக்குக் கம்பம் எண்ணிக்கிட்டிருந்தேன் நான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ராஜசேகர் நாற்காலியில் முன்னால் வந்தார். "இத பாருங்கம்மா. நீங்க எழுத்துல குடுத்தா ரோடு நிக்கும். ரோடு நின்னா பூங்காவும் தள்ளிப்போகும். அளவை நானே சரிக்கட்டினேன்னு நீங்க எழுதணும். அது உங்க பதிவேட்டுல ஏறும். ரெண்டு வருஷம் பதவி உயர்வைப் பத்தி நினைக்க முடியாது. யோசிச்சீங்களா?"

"தண்ணி வந்துட்டா, சுடரு?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் சுடர்விழி, வாய்விட்டு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டீத்தட்டோடு வாசலில் நின்ற அம்மாள், "நான் கேக்கல மேடம்" என்றாள் பயந்துபோய்.

சுடர்விழி வெள்ளைத்தாளை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தாள். நாலு வரிதான்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் பஞ்சநாதன் அவளைப் பிடித்தார். வெற்றிலை இல்லாத வாய் வயதானதாகத் தெரிந்தது.

"ஏம்மா, இழுத்து ஒட்டுறது நாங்க சொல்லிக்குடுத்ததுதானே. எத்தனை வருஷமா எத்தனை படம் அப்படிப் பண்ணிருக்கோம். நீ எழுதிட்டே. நாளைக்கு ஒவ்வொண்ணா எடுத்துப் பாருன்னு சொன்னா?"

"பாக்கத்தானே சார் வேணும்."

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒண்ணு. ஆத்தோரத்துல. இதே மாதிரி வெள்ளையா, நூறடிக்கு மேல இருக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "அப்ப எனக்கு இருவத்தஞ்சு வயசு. இப்ப அங்க பஸ் ஸ்டாண்டு. முந்தாநாள்லேருந்து அதுதான் நெனப்பா இருக்கு. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் போயிப் பாக்கவே இல்லைம்மா."

அவள் படி இறங்கிவிட்டாள்.

*

தண்ணி புதன்கிழமை வந்தது. அதிகாலையிலேயே அப்பா போன் பண்ணினார். சுடர்விழி விடுப்புக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில், சொந்த வேலை என்று எழுதினாள்.

உச்சிப்பொழுதுக்குக் குழாயடியில் பதினேழு பெண்கள் கூடியிருந்தார்கள். மொத்தம் முப்பது வீடு. மற்ற வீடுகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்ப் பூட்டிக் கிடந்தன. குழாயடியைத் தாண்டும்போது அவளுக்குக் கால் ஒரு கணம் தயங்கியது. எழில்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வழியில் பகலவன் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றான். அவனுக்கு அவல் ஆலையில் வேலை தருவதாகப் பேச்சு இருந்தது.

"எப்பக்கா தொறப்பாங்க இனிமே?"

"ரெண்டு ஊரும் முப்பது முப்பது அடி விட்டுக்குடுத்தா ரோடு திடலுக்கு ரெண்டு பக்கமா பிரிஞ்சு போயிடும் பகலவா. அவங்க பேசி முடிக்கணும்."

"அவங்களா? பேசியா?" என்றான். "கல்லு நட்ட அன்னிக்கே மனு குடுத்துருந்தா ரோட்ட அப்பவே திருப்பிருப்பாங்க. செத்தவங்களும் நிம்மதியா இருந்துருப்பாங்க, நானும் வேலைக்குப் போயிருப்பேன். ஒனக்காகத்தான் சும்மா இருந்தோம்." மேலே ஏதோ சொல்ல வந்து, பெண்கள் கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

செல்லதுரை கீழண்டைக் கரையிலேயே நின்றுவிட்டார். இந்த வருஷம் அவருக்கு அங்கே வேலை இல்லை.

தண்ணி கலங்கலாக, நுரையும் சருகுமாக, இரண்டு கிளையிலும் நுழைந்து கொண்டிருந்தது. வெடிப்புகள் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. கணுக்காலளவில் பெண்கள் இறங்கி ஏறினார்கள். பிறகு ஆளாளுக்குத் தங்கள் கற்றாழையைத் தேடிப் பிரிந்தார்கள்.

"மாமோய், தண்ணி வந்துட்டு!"

"அத்த, தண்ணி வந்துட்டு. ஒம்மவன் நாளைக்கு வெதைக்கிறான். குடிக்காம இருக்கான் இப்ப."

"பொய் சொல்லாதடி, அதுக்குத் தெரியும்!"

சிரிப்பும் கூப்பாடுமாக இருந்தது. சுடர்விழி மூன்றாவது வரிசைக்குப் போனாள். பதினாலாம் எண் கல்லை யாரோ பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கற்றாழைப் பூத்தண்டு சாய்ந்திருந்தது, முறியவில்லை. எத்தனையோ சொல்ல நினைத்திருந்தாள். தெரியாமல் போட்டதை, மூடியதை, திறந்ததை. வாய்க்கு வந்தது இரண்டு சொல்தான்.

"தண்ணி வந்துட்டும்மா."

காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வேலையை ஒப்படைத்து, அது முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தவள், முடிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா எப்போதும் அப்படித்தான். சுடர்விழிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இனி அந்தக் குரல் சுடரு என்று கூப்பிடாது.

பெண்கள் திரும்பப் புறப்பட்டார்கள். அவள் மட்டும் தெற்கே நடந்தாள். செம்மண் மேடு. கற்றாழையும் இல்லை, வரிசையும் இல்லை. நோட்டைப் பிரித்து அப்பா சொன்ன பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு பூட்டிய வீட்டுக்காரர்களின் பேர்களை. சொல்ல ஆளில்லாத பேர்கள். கடைசிப் பேரைச் சொல்லி நோட்டை மூடினாள்.

மூடின நோட்டோடு அப்படியே நின்றாள்.

காலுக்கடியிலிருந்து, செம்மண்ணுக்கும் கீழே, அப்பாவின் ஞாபகத்துக்கும் கீழே, ஒன்றல்ல, நாலைந்தல்ல. அவளை யாரென்று தெரியாத குரல்கள். அவள் பேர் சொல்லாமல், பொதுவாக, வரப்பில் போகிற யாரையோ கேட்பது போல.

"தண்ணி வந்துட்டா? தண்ணி வந்துட்டா?"

"எழிலக்கா!" என்று கத்தினாள். முன்னால் போனவள் திரும்பினாள்.

"என்னடி?"

"நோட்டுல இல்லாதவங்க இருக்காங்கக்கா. பேரு தெரியல. எப்படிச் சொல்றது?"

எழில்மொழி ஏன் என்று கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணியில் திரும்ப இறங்கினாள்.

"பேரு தெரியலன்னா சத்தமா சொல்லணும்" என்றாள்.